பம்பை மாற்றுவதற்கு முன் வரப்பைச் சுற்றி வாருங்கள்

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் பாபநாசம் பக்கம். வேலை டெக்சாஸில். அங்கே ஒரு நண்பரும் நானும் ஆளுக்குப் பாதி போட்டு, ஒருவர் தன் கொட்டகையிலேயே கிட்டில் (கம்பெனி விற்கும் பாகத் தொகுப்பில்) இருந்து கட்டிய இரண்டு இருக்கை விமானத்தை வாங்கி இரண்டு வருடமாக ஓட்டுகிறோம். மூன்று சக்கரமும் மடங்கும் வகை. மின்சார மோட்டாரில் ஓடும் ஹைட்ராலிக் பம்ப்தான் ஏற்றி இறக்குகிறது. மேலே தனிக் கொக்கி கிடையாது, எண்ணெய் அழுத்தம்தான் சக்கரத்தைத் தாங்கி நிற்கிறது. முன்பெல்லாம் விமானம் உயரம் ஏறும்போது பம்ப் ஒருமுறை தானாக ஓடி நிற்கும். போன கோடையில் 4, 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட ஆரம்பித்தது. இப்போது 40 நொடிக்கு ஒருமுறை. சக்கரம் ஏற எப்போதும் போல 8 நொடிதான் ஆகிறது. வருடத்தில் இரண்டு தடவை எண்ணெய் அரை டம்ளர் குறைந்து ஊற்றினேன், ஆனால் தரையில் ஒரு சொட்டு இல்லை. இறங்கும்போது, மூக்குச் சக்கரம் இறங்கிப் பூட்டியதைக் காட்டும் பச்சை விளக்கு சில நாள் எரிவதில்லை, பலகையைத் தட்டினால் எரிகிறது. பம்பையே மாற்றிவிடலாம் என்கிறார் அந்த நண்பர். பொங்கலுக்கு ஊர் வந்திருக்கிறேன், மூன்று வாரத்தில் திரும்புகிறேன். எங்கே இருந்து ஆரம்பிப்பது? எண்ணெயும் ஓ-ரிங்கும் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) இங்கேயே மலிவாக வாங்கிப் போகலாமா?

பதில்: தம்பி, கடிதம் வந்தது நல்ல அறுப்பு நேரம். பட்டறை வாசலில் அறுப்பு மெஷினில் இரண்டு பெல்ட் வண்டி, ஒரு டயர் வண்டி, நடுவில் ஒரு டிப்பர் ட்ரைலர். இதற்கு நடுவே விமானக் கேள்வி ஒன்று வந்ததில் எனக்குத் தனி சந்தோஷம். விமானப்படையில் 20 வருடம் ஏர்ஃப்ரேம் (இன்ஜின் தவிர்த்த விமான உடல்) வேலை பார்த்துவிட்டு வந்து இங்கே ஹைட்ராலிக் பட்டறை போட்டவன் நான். தஞ்சாவூர் தளத்தில் இருந்து சுகோய் தலைக்கு மேல் போனால் பையன்கள் ஸ்பேனரை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள்.

பம்பை வாங்காதீர்கள். ஏன் என்பதற்கு விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சக்கரம் ஏற 8 நொடி, அன்றும் அதே, இன்றும் அதே. பம்ப் தேய்ந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது அந்த நேரம்தான். 8 நொடி 10 ஆகும், 12 ஆகும், அழுத்தம் ஏறாமல் மோட்டார் நிற்கவே மாட்டேன் என்று இழுக்கும். உங்களுடையது டாண் என்று ஏறி, அழுத்தத்தைத் தொட்டு, தானாக நிற்கிறது. தூக்குகிறவன் சரியாகத்தான் தூக்குகிறான். தூக்கி வைத்தது நிற்கவில்லை, அதுதான் நோவு.

நம் ஊரில் சாயங்காலம் வயலில் நான்கு விரல் தண்ணீர் கட்டிவிட்டு வருகிறோம். காலையில் போனால் சேறு தெரிகிறது. போர் மோட்டாரைக் கழற்றுவோமா? வரப்பைச் சுற்றி நடப்போம். எங்கேயோ நண்டு வளை, இல்லாவிட்டால் எலி வளை, அதுவும் இல்லாவிட்டால் சரியாக மூடாத மடை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சிலிண்டர், அதில் பிஸ்டனின் ஒரு பக்கம் எண்ணெய் தள்ளினால் சக்கரம் ஏறும், மறுபக்கம் தள்ளினால் இறங்கும். உங்கள் விமானத்தின் ஏற்றும் பக்கக் குழாயும் அப்படி ஒரு வயல்தான். அழுத்தம் எந்த வழியாகவோ இறக்கும் பக்கத்துக்கோ தொட்டிக்கோ கசிகிறது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் பிரஷர் ஸ்விட்ச் பம்பை எழுப்புகிறது. அழுத்தம் வந்ததும் தூங்கப் போகிறது. மறுபடி கசிவு, மறுபடி விழிப்பு.

ஏறும்போது ஒருமுறை ஓடுகிறது என்று எழுதினீர்களே, அதை நோவாக நினைக்க வேண்டாம். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 2 டிகிரி குளிர்கிறது. அடைபட்ட எண்ணெய் குளிர்ந்தால் சுருங்கும். கெட்டியான குழாயில் ஒரு டிகிரி குளிர்ந்தாலே 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம் இறங்கிவிடும், ஹோஸ் இருந்தால் அது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அதனால் ஏறும் நேரத்தில் ஒன்றிரண்டு முறை பம்ப் விழிப்பது சகஜம். குளிரின் வேலை என்றால் மட்டமாகப் பறக்க ஆரம்பித்த பிறகு அடங்கிவிட வேண்டும். அடங்காமல் 5 நிமிடம், அப்புறம் 40 நொடி என்று சுருங்கிக்கொண்டே வந்தால் அது கசிவு, அதுவும் வளர்கிற கசிவு.

முதல் காரியம், காக்பிட்டில் இருக்கும் அவசர வால்வைப் பாருங்கள். பம்ப் கைவிட்டால் திறந்துவிடுவதற்காக வைத்திருக்கும் வால்வு. அதைத் திறந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகி, சக்கரம் தன் எடையில் விழும். அது தலைமுடி அளவு மூடாமல் இருந்தாலும் நீங்கள் சொல்லும் அறிகுறி அத்தனையும் வரும். கைப்பிடி 'மூடியது' என்று காட்டும், உள்ளே தண்டு நழுவி, பந்து முழுக்கத் திரும்பியிருக்காது. கைப்பிடியை நம்பாமல் அதைக் கழற்றித் தண்டின் தலையில் உள்ள கோட்டைப் பாருங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. இதிலேயே தீர்ந்துபோனால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

தீரவில்லை என்றால் ஜாக்கில் ஏற்ற வேண்டும். கையேடு சொல்லும் இடத்தில் இறக்கை ஜாக், வாலில் எடை. பாட்டரியோடு சார்ஜரும் இருக்கட்டும், பம்ப் மோட்டார் அத்தனை கரண்ட் இழுக்கும். சக்கரத்தை ஏற்றுங்கள், பம்ப் நிற்கட்டும், கடிகாரத்தைப் பாருங்கள். கொட்டகைக்குள் குளிர் மாறாது. அங்கேயும் 40 நொடிக்கு ஒருமுறை ஓடினால் கசிவு உறுதி. அரை மணி நேரம் அசையாமல் நின்றால் என் யோசனை முழுக்கத் தப்பு. அப்போது பிரஷர் ஸ்விட்சையும் வயரிங்கையும் பார்க்க வேண்டியதுதான்.

கசிவுதான் என்று தெரிந்துவிட்டால், எந்த மடை என்று கண்டுபிடிக்க நான் நாள் தவறாமல் செய்கிற ஒரு வழி இருக்கிறது. கேஜ்கூட வேண்டாம். சக்கரம் மேலே, அழுத்தத்தில் நிற்கட்டும். பம்பின் பிரேக்கரை இழுத்துவிட்டு, பாட்டரி நெகடிவையும் கழற்றுங்கள். மூன்று சக்கரத்தையும் மெத்தென்ற கயிற்றில் தாங்கிக் கட்டுங்கள், அழுத்தம் போனால் அது தலையில் விழும். இப்போது ஒரு சிலிண்டரின் இறக்கும் பக்கக் குழாயை மட்டும், துணியைச் சுற்றிக்கொண்டு, மெதுவாகத் தளர்த்துங்கள். அந்தப் பக்கத்தில் இந்த நேரத்தில் அழுத்தம் இருக்கக் கூடாது. தேங்கியிருந்த எண்ணெய் கொஞ்சம் வரும், துடையுங்கள். குழாய் முனைக்கு மூடி போட்டுவிட்டு, சிலிண்டரின் திறந்த வாயைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள்.

சிவப்பாக ஒரு துளி திரண்டு, விளிம்பில் நின்று, விழுகிறது. மறுபடி திரள்கிறது. பிஸ்டனின் அந்தப் பக்கம் அடைத்து வைத்த எண்ணெய் இந்தப் பக்கம் வரக் காரணம் பிஸ்டன் சீல், அதாவது பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் ரப்பர், மட்டும்தான். வேறு வழியே இல்லை. திறந்த வாய் வறண்டு கிடந்தால் அந்தச் சிலிண்டர் நல்லது, மூட்டிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: குழாய் திறந்திருக்கும்போது பம்பை ஓட்டவே கூடாது.

மூன்றும் வறண்டிருந்தால், அவசர வால்வின் இறக்கும் பக்கத்தை இதே மாதிரி திறந்து பாருங்கள். அதுவும் வறண்டிருந்தால் மிச்சம் இருப்பது பம்ப் கட்டுக்கு உள்ளே இருக்கும் செக் வால்வு, எண்ணெயை ஒரு திசையில் மட்டும் விடுவது. அப்போதுகூடப் பம்பைக் குற்றம் சொல்ல அவசரப்படாதீர்கள்.

இரண்டு வருடம் முன் நீடாமங்கலம் பக்கம் ஒரு பெல்ட் வண்டி. இன்ஜினை நிறுத்தினால், கதிர் அறுக்கும் முன்பக்கக் கட்டர் பார் பத்து நிமிடத்தில் தரையைத் தொடும். அறுப்பு சீசன், ஒரு நாள் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள். பதற்றத்தில் வண்டிக்காரர் வேறொரு கடையில் புதுப் பம்ப் வாங்கி மாட்டினார். அன்று ராத்திரியும் கட்டர் தரையில். மறுநாள் என்னிடம் வந்தார். வால்வைக் கழற்றி, சீட்டில் இருந்த வெள்ளை நூலை முள்ளால் எடுத்துக் காட்டினேன். அரை அங்குலம் டெஃப்லான் டேப். யாரோ ஹோஸ் மாற்றும்போது முதல் புரியில் இருந்தே சுற்றியிருக்கிறார்கள். பிய்ந்த துணுக்கு எண்ணெயோடு போய், செக் வால்வின் பந்துக்கும் சீட்டுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டது. அவர் நூலை ஒரு தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், பம்ப் விற்ற கடைக்காரரிடம் காட்டப் போகிறாராம்.

வீட்டில் கட்டிய விமானத்தில் இது அதிகம், தம்பி. கட்டியவர் பொறுமைசாலியாக இருந்திருக்கலாம், ஆனால் இடையில் யார் யார் கை வைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பழைய எண்ணெயை முழுக்க இறக்கி, வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். கறுப்புப் பொடி வந்தால் ரப்பர் சீல் கரைகிறது. மினுமினுப்பு வந்தால் உலோகம் தேய்கிறது. வெள்ளை நார் வந்தால் கதை தெரிந்ததுதான்.

இன்னொன்று, குழாய் முனை. விமானத்துக் குழாய் இணைப்பான ஏ.என். ஃபிட்டிங் 37 டிகிரி கோணம். காரின் பிரேக் குழாய்க்கு விரிக்கும் கருவி 45 டிகிரி. இரண்டையும் கலந்து இறுக்கினால் இறுகும், பார்க்க அழகாகவும் இருக்கும், ஆனால் ஒரே கோட்டில்தான் தொட்டுக்கொண்டிருக்கும். கசிகிறது என்று இன்னும் இறுக்குவார்கள், விரித்த முனை வெடிக்கும். கசியும் இணைப்பு கண்ணில் பட்டால் இறுக்கும் முன் கழற்றிப் பாருங்கள்.

கசிவைத் தேடும்போது விரலை நீட்டாதீர்கள். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. என் பட்டறையில் ஒரு பையன், 19 வயது, ஜேசிபி ஹோஸில் ஊசித் துளை எங்கே என்று தடவிப் பார்த்தான். விரல் நுனியில் ஒரு புள்ளி, ரத்தம்கூட இல்லை. முள் குத்திய மாதிரி இருக்கிறது என்று கையைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான். ராத்திரி கை வீங்கி, விடிவதற்குள் ஆபரேஷன். விரலில் ஒரு கணு போனது. மோட்டார் சைக்கிள் டயரில் நாம் அடிக்கும் காற்று 30 பி.எஸ்.ஐ. உங்கள் குழாயில் நிற்பது ஆயிரத்தை ஒட்டி இருக்கும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள், ஈரம் அதில் தெரியும். தோலுக்குள் எண்ணெய் ஏறியதாகச் சந்தேகம் வந்தாலே, வலி இல்லாவிட்டாலும், நேராக ஆஸ்பத்திரி.

சரி, காணாமல் போன அரை டம்ளர். கசிவைக் கண்டுபிடித்தாலும் இந்தக் கணக்கு அதில் சேராது. ஏற்றும் பக்கத்தில் இருந்து இறக்கும் பக்கத்துக்குக் கசிகிற எண்ணெய் எங்கேயும் வெளியே போவதில்லை, தொட்டிக்குத்தான் திரும்புகிறது. ஆகவே இது வேறு சமாசாரம். எண்ணெய் ஊற்றும்போது தொட்டியின் விளிம்பு வரை ஊற்றினீர்களா? விமானம் தரையில் நிற்கிறது, சக்கரம் இறங்கியிருக்கிறது. உங்கள் வகையில் சக்கரம் இறங்கும்போது சிலிண்டர் தண்டு வெளியே நீளும் என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் ஏறும்போது தண்டு உள்ளே போகும். உள்ளே போகிற தண்டு, தன் பருமன் அளவுக்கு எண்ணெயை வெளியே தள்ளியாக வேண்டும். 12 மி.மீ. தண்டு 200 மி.மீ. உள்ளே போனால் 22 மில்லிக்கு மேல். மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து 68 மில்லி, ஏறத்தாழ அரை டம்ளர். தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தால் அதற்கு இடம் ஏது? தொட்டிக்குக் காற்று போய்வரும் மூச்சுக் குழாய் வழியாக வெளியே போய், காற்று அதைத் துடைத்துக்கொண்டு போய்விடும். தரையில் எப்படிச் சொட்டும்? மறுபடி குறைந்திருக்கிறது என்று நீங்கள் ஊற்றுகிறீர்கள், அது மறுபடி துப்புகிறது. தண்டின் அளவை அளந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், விமானத்தின் அடி வயிற்றில் மூச்சுக் குழாய்க்குப் பின்னால் தூசி ஒட்டிய சிவப்புப் பிசுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஊற்றும் அளவைக் குறைத்தால் போதும். அங்கே சுத்தமாக இருந்தால், மூக்குச் சக்கரக் குழிக்குள் தண்டுச் சீலைப் பார்க்க வேண்டும். சக்கரம் மேலே இருக்கும்போது மட்டும் கசிகிற சீல் உண்டு, அதுவும் தரையில் தடயம் விடாது.

எண்ணெயும் ஓ-ரிங்கும் இங்கேயே வாங்கலாமா என்றால், வேண்டாம். கீழவாசல் கடையில் கிடைப்பது 68 நம்பர் ஆயில், டிராக்டருக்கும் ஜேசிபிக்கும் அருமை, உயரத்தில் குளிரில் கஞ்சி மாதிரி ஆகும். உங்கள் தொட்டியில் இருப்பது 5606 என்ற சிவப்பு விமான ஹைட்ராலிக் எண்ணெயாகத்தான் இருக்கும், மைனஸ் 54 டிகிரியிலும் ஓடுகிற சரக்கு. தப்பித்தவறி கார் பிரேக் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். 5606-க்கு வைத்திருக்கும் நைட்ரைல் ரப்பர் அதில் ஊறி உப்பிப்போகும், அப்புறம் எல்லாச் சீலும் கழற்ற வேண்டியதுதான். ஓ-ரிங்கும் அப்படியே, இங்கே டப்பாவில் கலந்து கொட்டி வைத்திருப்பதில் எது எந்த ரப்பர் என்று கடைக்காரருக்கே தெரியாது. கிட் கையேட்டில் பகுதி எண் இருக்கும். அந்த எண்ணில், உறையில் அடைத்து, ரப்பர் செய்த தேதி அச்சிட்டதாக வாங்குங்கள். ஒரு ரிங்கின் விலை ஒரு காபி விலைகூட இருக்காது. மாட்டும்போது புரியின் மேல் நேராக இழுக்காமல், புரியை மெல்லிய தாளால் சுற்றி அதன் மேல் வழுக்கி விடுங்கள். புது ரிங் மறுநாளே கசிந்தால் பெரும்பாலும் மாட்டும்போது விழுந்த கீறல்தான்.

மூக்குச் சக்கர விளக்கு. இதை ஹைட்ராலிக்கோடு போட்டுக் குழப்பாதீர்கள். தட்டினால் எரிகிறது என்றால் பல்பு, சாக்கெட், கிரவுண்ட் வயர், இல்லையென்றால் சக்கரம் பூட்டியதும் விளக்கை எரிய விடும், கீழே இருக்கும் மைக்ரோ ஸ்விட்ச். பல்பைப் பக்கத்து விளக்கோடு மாற்றிப் பாருங்கள், கோளாறு பல்போடு போகிறதா என்று. சில விமானங்களில் ராத்திரி விளக்கைப் போட்டால் பச்சை விளக்குகள் தானாக மங்கும். பகல் வெயிலில் அது அணைந்த மாதிரியே தெரியும், அந்த சுவிட்சையும் ஒரு பார்வை பாருங்கள்.

ஆனால் வயர்தான் என்று ஸ்விட்சை வளைத்து விளக்கை எரிய வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். விளக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். மூக்குச் சக்கரத்தின் மடிப்புக் கை நேர்கோட்டைத் தாண்டிப் பூட்டினால்தான் சக்கரம் மடங்காது. பாட்டரியைக் கழற்றிவிட்டு, ஜாக்கிலேயே கையால் அழுத்திப் பாருங்கள், பூட்டில் இருக்கிறதா, விளிம்பில் நிற்கிறதா என்று. பின்னோக்கி மடங்கும் மூக்குச் சக்கரம் என்றால் இறங்கும்போது எதிர்காற்றைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அதற்கு உதவியாக வாயு ஸ்ட்ரட் ஒன்று வைத்திருப்பார்கள், காரின் டிக்கியைத் தூக்கி நிறுத்துவது மாதிரி. டிக்கி ஸ்ட்ரட் வயதானால் கதவு தலையில் விழுவது போல இதுவும் தளரும். கொட்டகையில் காற்று கிடையாது, அங்கே தானாகப் பூட்டுவதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. மீன் கடைத் தொங்கு தராசை வைத்துச் சக்கரத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டே இறக்கிப் பாருங்கள், கை பக்கத்தில் போகாமல் நீளக் கயிறு கட்டி. எத்தனை கிலோ எதிர்ப்பில் பூட்ட வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும்.

விளக்கு எரியாத நாளில் ஒரு ஆள் விமானத்தை ஓட்டட்டும், இன்னொரு ஆள் விளக்கைப் பார்க்கட்டும். 1972 டிசம்பரில் மியாமி அருகே ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401-ம் விமானம் விழுந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மூக்குச் சக்கர விளக்கு பல்பு போயிருந்தது. காக்பிட்டில் இருந்த அத்தனை பேரும் அந்தப் பல்பையே கவனித்துக்கொண்டிருந்தபோது விமானம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. சக்கரம் என்னவோ இறங்கித்தான் இருந்தது.

திரும்பிப் போனதும், சரிபார்த்து முடிக்கும் வரை சக்கரத்தை மடக்காமல் ஓட்டுங்கள், அதற்கான வேக வரம்புக்குள். அந்த மோட்டார் விட்டுவிட்டு ஓடுவதற்கு அளந்து செய்தது. 40 நொடிக்கு ஒருமுறை ஓடினால் அதன் ரிலே (மோட்டாருக்குக் கரண்ட் விடும் ஸ்விட்ச்) சூடேறி ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிக்கொண்டால் பம்ப் நிற்காது, பாட்டரி காலியாகும். பிரேக்கர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். வேலையை நீங்களே செய்ய அந்த ஊர்ச் சட்டம் இடம் கொடுக்கிறது, வீட்டில் கட்டிய சோதனை வகைக்கு அந்தச் சலுகை உண்டு. ஆனால் விமானத்தைக் கட்டியவர் நீங்கள் இல்லை. வருடாந்திரப் பரிசோதனையில் கையெழுத்துப் போட, கட்டியவரிடம் ரிப்பேர்மேன் சான்றிதழ் இருந்தால் அவரோ, இல்லாவிட்டால் ஏ அண்ட் பி (அந்த ஊரில் சான்றிதழ் பெற்ற விமான) மெக்கானிக்கோ வர வேண்டும். சிலிண்டர் திறந்திருக்கும்போதே அவரை ஒருமுறை கூப்பிட்டுக் காட்டிவிடுவது நல்லது.

ஊரில் இருக்கும் இந்த மூன்று வாரத்தில் உங்கள் வயலுக்கு அறுப்பு மெஷின் வரும் அல்லவா? அன்று டிரைவர் டீ குடிக்க இறங்கும் நேரத்தில் கட்டர் பார் அருகே, அதற்கு அடியில் போகாமல், நில்லுங்கள். இன்ஜின் நின்ற பிறகு அது எவ்வளவு நேரத்தில் எத்தனை விரல் இறங்குகிறது என்று பாருங்கள். சிலிண்டரில் வெளியே ஒரு சொட்டு இருக்காது, கட்டர் மட்டும் இறங்கிக்கொண்டிருக்கும்.